பாம்பு வளர்க்க ஆசையா? கண்ணாடிப் பெட்டி வாங்கும் முன் காகிதத்தைப் பாருங்க

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது உங்களுக்கும் ஒருமுறை வந்திருக்கும். வெளிநாட்டு இளைஞர் ஒருவர் சோபாவில் சாய்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறார். ஆரஞ்சு நிறப் பாம்பு ஒன்று அவர் கைமேல் ஏறி, கீபோர்டு வழியாக இறங்கிப் போகிறது. அவர் கண்டுகொள்ளவே இல்லை. கீழே கமென்ட்டைத் திறந்தால் நம்ம ஊர்ப் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். சென்னையில் எங்கே கிடைக்கும், கோயம்புத்தூரில் யார் விற்கிறார்கள், என்ன விலை என்று கேள்விகள். பதிலாக ஒரு வாட்ஸ்அப் எண்ணோ டெலிகிராம் இணைப்போ இருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்க நினைத்தவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. பாம்பு வளர்ப்பது நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். ஆசை வந்துவிட்டது, முதல் பாம்பு எதுவாக இருக்கலாம், சட்டம் என்ன சொல்கிறது, போனிலேயே என்னென்ன செய்யலாம் என்று மட்டும் பார்ப்போம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் முதல் பாம்பைத் தேர்ந்தெடுக்க நிறம், குணம், அளவு என்று ஆரம்பிப்பார்கள். இந்தியாவில் அந்த வரிசை செல்லாது. இங்கே முதல் கேள்வி, ‘இந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது என்று என்னால் காட்ட முடியுமா?’ என்பதுதான்.

நம்ம ஊர்ப் பாம்பு எதுவும் கிடையாது

வயலில் பார்க்கிற சாரை, கிணற்றில் நீந்துகிற தண்ணீர்ப் பாம்பு, செடியில் தொங்குகிற பச்சைப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளிப் பாம்பு, மலைப்பாம்பு. இவற்றில் விஷமே இல்லாதவை நிறைய. ‘விஷம்தான் இல்லையே, ஒரு குட்டியைப் பிடித்து டப்பாவில் போட்டு வளர்த்தால் என்ன?’ என்று தோன்றும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் தண்ணீர்ப் பாம்பைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு திரிவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

சட்டப்படி அது கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களாக வைத்திருக்கிறது. காட்டில் இருந்தாலும் உங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தாலும் அது அரசின் சொத்து. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். 2022-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகள் நடைமுறையில் உள்ளன. தண்டனையும் கூடியிருக்கிறது. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல பாம்பு, ராஜநாகம், மலைப்பாம்பு போன்றவை அட்டவணை 1-இல் உள்ளவை. அவற்றை வைத்திருந்து மாட்டினால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. அது 7 ஆண்டு வரை போகலாம், கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ‘சும்மா வீடியோவுக்காகப் பிடிச்சேன் சார்’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அந்த வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உயிர் பெரிசு. வீட்டுச் சுவரில் ஏறுகிற வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷம் கிடையாது. கட்டுவிரியன் குட்டிக்கு உண்டு. இரண்டுக்கும் கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டை. பழகியவர்களே டார்ச் வெளிச்சத்தில் தடுமாறுவார்கள். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. அதனால் ‘குட்டிப் பாம்புதானே’ என்று எதையும் கையில் எடுக்காதீர்கள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் தீயணைப்பு மற்றும் மீட்புத் துறைக்கு 101 அல்லது 112-இல் அழையுங்கள், இல்லையென்றால் உள்ளூர் வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் 108. கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை ஓடவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போதும்.

‘இருதலை’ என்று யாராவது வந்தால்

மண்ணுளிப் பாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செல்லப்பிராணி ஆசையில் போகிறவர்கள் அதிகம் சிக்குவது இதில்தான். இதன் வால் மொட்டையாக, தலை மாதிரியே இருக்கும். எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு வாலைக் காட்டும். கொத்துகிறவன் வாலைக் கொத்தட்டும் என்ற தந்திரம். அதைத்தான் ‘இருதலை மணியன்’ என்று பெயர் வைத்து, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், எடை கூடக்கூட லட்சம் கூடும், வெளிநாட்டில் மருந்துக்கு வாங்குகிறார்கள் என்று ஒரு பெரிய கதையாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பணம் கொட்டியதாக இதுவரை யாரும் காட்டியதில்லை. வாங்க வந்தவரும் விற்க வந்தவரும் சேர்ந்து கைதான செய்திகள்தான் வருடம் தவறாமல் வருகின்றன.

இப்போது இதே வியாபாரம் போனுக்குள் வந்துவிட்டது. ‘பாதி பணம் யுபிஐ-யில் போடுங்க, பஸ் பார்சலில் அனுப்புறேன்’ என்பார்கள். பணம் போகும், பாம்பு வராது. வந்தாலும் வழக்கோடுதான் வரும். பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பாம்பு விற்பனை பற்றித் தகவல் கொடுக்க மாவட்ட வன அலுவலகம் இருக்கிறது. மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகமும் சென்னையிலேயே இருக்கிறது.

அப்போ எதைத்தான் வளர்ப்பது?

மிச்சம் இருப்பவை நம் நாட்டைச் சேராத, விஷமில்லாத, காப்பில் பிறந்த பாம்புகள். அதிலும் புதிதாக வளர்ப்பவருக்கு உலகம் முழுக்க இரண்டு பெயர்களைத்தான் முதலில் சொல்வார்கள்: கார்ன் ஸ்நேக், பால் பைத்தான்.

கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் சோளப்பாம்பு என்ற பெயர் வந்தது என்பார்கள். வயிற்றுப்புறக் கட்டங்கள் சோளக்கதிர் போல இருப்பதால் என்றும் சொல்வதுண்டு. ரீல்ஸில் கீபோர்டு மேல் போகிறது என்றேனே, பெரும்பாலும் இதுதான். வளர்ந்தால் 3 முதல் 5 அடி, கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் கூட. சுறுசுறுப்பானது, சாப்பாட்டில் அடம்பிடிக்காது. 15 முதல் 20 வருடம் வாழும். ஒரே தொல்லை, தப்பிப்பதில் கில்லாடி. விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் போதும், மறுநாள் காலை வீடு முழுக்கத் தேட வேண்டியதுதான்.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. பெயரில் உள்ள ‘பால்’ பந்து. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். பால் ஊற்றி வளர்க்கிற பாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பாம்பும் பாலை உணவாக எடுத்துக்கொள்வதில்லை. புற்றில் ஊற்றுகிற பால் நம் நம்பிக்கைக்காக, பாம்பின் பசிக்காக இல்லை. இது 3 முதல் 5 அடி நீளம், ஆனால் கார்ன் ஸ்நேக்கைவிட நன்றாகத் தடித்தது. அடக்கமான குணம், மெதுவான நடமாட்டம். கையில் எடுத்துப் பழகுவதற்கு இதைவிடச் சாதுவான பாம்பு குறைவு. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பொறுமையைச் சோதிக்கும். நல்ல ஆரோக்கியமாக இருக்கும்போதே சில வாரம், சில சமயம் சில மாதம்கூடச் சாப்பிடாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போவது இங்கேதான்.

ஆயுசைக் கவனியுங்கள். பால் பைத்தான் 20, 30 வருடம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டியதாகக் கணிக்கப்பட்ட பால் பைத்தான் ஒன்று, பல வருடமாக ஆண் துணையே இல்லாமல், 2020-இல் 7 முட்டை இட்டது. இப்போது உங்களுக்கு 22 வயது என்றால், கல்யாணம், வேலை மாற்றம், குழந்தை, வீடு மாற்றம் எல்லாவற்றிலும் அது உங்களோடு வரும். வரப்போகிற கணவரோ மனைவியோ என்ன சொல்வார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் என்றும் சில பெயர்கள் காதில் விழும். கிங் ஸ்நேக் நம் ராஜநாகம் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்தின் விஷமில்லாத பாம்பு. வளர்ப்பது எளிதுதான், ஆனால் மற்ற பாம்புகளையும் தின்னும், இன்னொன்றோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. கென்யா மணல் போவா என்று ஒன்று சிறியதாக, சோம்பேறியாக, ஆரம்பநிலைக்கு ஏற்றதுதான். ஆனால் பார்க்க நம்ம மண்ணுளியின் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது ‘இருதலை வச்சிருக்கான்’ என்று போன் போட்டுவிட்டால் விளக்கம் சொல்லியே மாளாது. தமிழ்நாட்டில் அதை முதல் பாம்பாக நான் சொல்ல மாட்டேன். பர்மியப் பைத்தான், ராஜமலைப்பாம்பு எனப்படும் ரெட்டிகுலேட்டட் பைத்தான் இரண்டும் குட்டியில் அழகாக இருக்கும், பிறகு 15 அடியைத் தாண்டும். அவை இந்தியாவிலும் வாழ்கிறவை, சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விஷமுள்ள வெளிநாட்டுப் பாம்பு என்ற பேச்சே வேண்டாம். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்துத் தயாரிக்கப்படுவது. ஆப்பிரிக்க விரியனோ அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்போ கடித்தால் இங்கே ஊசி இல்லை.

பரிவேஷ்: போனிலேயே பார்க்க வேண்டியது

இப்போது ஆவணம். அழிந்துபோகும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்த ‘சைட்டிஸ்’ என்ற உடன்படிக்கை இருக்கிறது. அதில் உள்ள உயிரினங்களை 2022 திருத்தம் நம் சட்டத்தின் அட்டவணை 4-க்குள் கொண்டுவந்தது. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வந்தன. ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. இப்போது புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மலைப்பாம்புக் குடும்பம் முழுக்க சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால் பால் பைத்தானுக்கு இந்தப் பதிவு கட்டாயம். போவா வகைகளுக்கும் அப்படித்தான். பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ் 2.0’ இணையதளத்தில் நடக்கிறது. விண்ணப்பம் நம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். உங்கள் அடையாளம், முகவரி, பாம்பின் இனம், வயது, அடையாளக் குறிகள், புகைப்படம், அது உங்களுக்கு எப்படி வந்தது என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். போனில் திறக்கலாம், ஆனால் இணைப்புகளைப் பதிவேற்ற கம்ப்யூட்டர் வசதி. பக்கத்து இ-சேவை மையத்திலோ நண்பர் வீட்டிலோ செய்தால் எரிச்சல் குறையும். சான்றிதழ் வந்ததும் பிடிஎஃப்-ஐப் போனிலும் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். பாம்பு குட்டி போட்டாலோ முட்டை பொரித்தாலோ, வேறொருவருக்குக் கொடுத்தாலோ, இறந்துபோனாலோ அதையும் தெரிவிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. உங்களுக்கு விற்பவர் கையிலும் அது பதிவான பாம்பாக இருக்க வேண்டும். ‘பதிவெல்லாம் நீங்க பண்ணிக்கலாம், ஈஸிதான்’ என்று சொல்கிறவரிடம், ‘உங்க பெயரில் இருக்கிற பரிவேஷ் சான்றிதழைக் காட்டுங்க’ என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டால் நீங்களும் அங்கேயே நின்றுவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் எழுத உங்களிடம் எதுவும் இருக்காது.

கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதனால் இந்தப் பதிவும் அதற்கு இல்லை. ‘ஆஹா, அப்போ அதுதான் சுலபம்’ என்று நினைப்பீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பட்டியலில் இல்லை என்பதற்காக அது சூட்கேஸில் வந்தால் சரியென்று ஆகிவிடாது. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமமும் விலங்குத் தொற்றுத் தடுப்புச் சோதனையும் வேண்டும். இல்லாவிட்டால் சுங்கச் சட்டப்படி கடத்தல். பால் பைத்தானுக்காவது நாளைக்கு யாராவது கேட்டால் நீட்ட ஒரு அரசுச் சான்றிதழ் இருக்கும். கார்ன் ஸ்நேக்குக்கு விற்பனை ரசீது, விற்றவரின் இறக்குமதி ஆவணப் பிரதி அல்லது இங்கேயே பொரித்தது என்றால் தாய்ப்பாம்பின் ஆவணம், இவைதான் உங்கள் கையில் இருக்கும் மொத்த ஆதாரம். அதனால் அங்கே ரசீது இன்னும் முக்கியம்.

குணத்தைப் பார்த்தால் முதல் பாம்புக்குக் கார்ன் ஸ்நேக் ஒரு படி மேல். ஆவணத்தைப் பார்த்தால் பால் பைத்தான். இரண்டில் எதற்கு முழுக் காகிதம் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டுக்கும் கிடைக்கவில்லையா, இந்த வருடம் பாம்பு வேண்டாம்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியைத் திறந்தபோது 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. துளையிட்ட சிறு டப்பாக்களில் குட்டி குட்டியாக. சென்னை விமான நிலையத்திலும் பாங்காக் விமானங்களில் இப்படி அடிக்கடி பிடிபடுகின்றன. காகிதம் இல்லாமல் விலை மலிவாகக் கிடைக்கிற பாம்பு எந்த வழியில் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பிடிபடாத பெட்டி ஒன்றிலிருந்துதான். அந்தப் பயணத்தில் எத்தனை செத்தன என்பது உங்கள் வாட்ஸ்அப் விற்பனையாளர் சொல்லாத கணக்கு.

வாங்குகிற நாளில்

கடை என்றால் 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கேளுங்க, கேட்பது உங்கள் உரிமை.

பாம்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். கண் தெளிவாக இருக்கிறதா? சட்டை உரிப்பதற்கு முன் கண் பால்போல மங்கும், அது இயல்பு. அப்படியென்றால் ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, விசில் சத்தம் கேட்டாலோ நெஞ்சுச் சளி இருக்கலாம். செதிலுக்கிடையில், தாடைக்கு அடியில் மிளகுத் தூள் சிதறியதுபோல நகர்கிற கறுப்புப் புள்ளிகள் உண்ணிப் பூச்சிகள். முதுகெலும்பு கத்திமாதிரித் துருத்திக்கொண்டிருந்தால் பட்டினி. நல்ல பாம்பு என்றால் (நம்ம நல்ல பாம்பு இல்லை, ஆரோக்கியமான பாம்பு) கையில் எடுத்ததும் லேசாக இறுக்கிப் பிடிக்கும், நாக்கை நீட்டி நீட்டி உங்களை மோப்பம் பிடிக்கும்.

கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்களா? கடைசி நாலைந்து வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்ட குட்டியையே வாங்குங்கள். முடிந்தால் உங்கள் கண்முன்னே ஒரு வேளை சாப்பிடச் சொல்லிப் பாருங்கள். பால் பைத்தானில் ‘ஸ்பைடர்’ என்று ஒரு நிறவகை உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிறவியிலேயே நரம்புக் கோளாறு, தலை ஆடிக்கொண்டே இருக்கும். அதை வாங்காதீர்கள், வாங்க ஆளிருப்பதால்தான் தொடர்ந்து பொரிக்கிறார்கள்.

நம்ம வெயிலும் அம்மாவின் ஃப்ரிட்ஜும்

பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பெட்டியின் ஒரு பக்கம் சூடாக, மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அது தேவைக்கேற்ப நகர்ந்துகொள்ளும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸ் அளவும் குளிர் பக்கம் 23, 24 டிகிரியும். பால் பைத்தானுக்கு 32, மறுபக்கம் 26. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு வெப்பமானி வையுங்கள்.

வெளிநாட்டு வீடியோ எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றே பாடம் எடுக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவருக்கு அது சரி. மதுரையிலோ வேலூரிலோ மே மாதத்தில் உங்கள் பிரச்சினை எப்படிக் குளிர வைப்பது என்பது. கான்கிரீட் கூரைக்கு அடியில் மாடி அறை 37 டிகிரி போனால் பெட்டிக்குள் பாம்பு ஒதுங்க இடமே இருக்காது. 35-க்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரைமட்டத்தில், ஜன்னல் வெயில் படாத மூலையில் வையுங்கள். சூடேற்றும் பாய் பயன்படுத்தினால் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டவே கூடாது. அது பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும், அதுவோ நகராமல் படுத்துக்கொண்டே இருக்கும்.

வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள பெட்டி, பூட்டுகிற மூடி, இரண்டு பக்கமும் ஒளிய ஒவ்வொரு குகை, உடம்பு முழுக்க நனைகிற அளவு தண்ணீர்த் தொட்டி. பால் பைத்தானுக்கு ஈரப்பதம் வேண்டும். தரைக்குத் தேங்காய் நார்த்துண்டு அருமையாக இருக்கும். வெளிநாட்டுக்காரன் காசு கொடுத்து இறக்குமதி செய்கிறான், நமக்குப் பொள்ளாச்சியிலிருந்தே வருகிறது. கார்ன் ஸ்நேக்குக்குச் செய்தித்தாள் விரித்தாலே போதும்.

அடுத்தது சாப்பாடு. பலருக்கு இங்கேதான் ஆசை உடைகிறது. பாம்பு முழு எலியைத்தான் சாப்பிடும். கோழிக்கறித் துண்டோ முட்டையோ பன்னீரோ கிடையாது, எலும்பும் ஈரலும் சேர்ந்த முழு இரையில்தான் அதற்கு வேண்டிய சத்து. குட்டிக்கு 5, 7 நாளுக்கு ஒருமுறை முடி முளைக்காத எலிக்குட்டி, வளர்ந்ததுக்கு 10, 14 நாளுக்கு ஒருமுறை பெரிய எலி. பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ இரையின் பருமனும் அவ்வளவு. உயிருள்ள எலியைப் போட்டால் அது பாம்பைக் கடித்துக் காயப்படுத்தும். அதனால் முன்பே கொன்று உறையவைத்த எலியை வாங்கி, வெதுவெதுப்பான நீரில் பனி போகும்வரை வைத்து, இடுக்கியால் நீட்ட வேண்டும். அந்த எலிகளை எங்கே வைப்பது? அம்மா இட்லி மாவு வைக்கிற ஃப்ரிட்ஜில் முடியாது. வீட்டில் சைவம் என்றால் இந்தப் பேச்சை வாங்குவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். வயலில் பிடித்த எலி வேண்டவே வேண்டாம், எலிமருந்து தின்ற எலி உங்கள் பாம்பையும் கொல்லும்.

சாப்பிட்டபின் இரண்டு நாள் பாம்பைத் தொடாதீர்கள், கக்கிவிடும். தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். 5 வயதுக்குக் கீழே குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதான தாத்தா பாட்டியோ இருக்கும் வீட்டில் அவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரையும் இப்போதே தேடி வையுங்கள். தெருமுனைக் கால்நடை மருத்துவர் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் முன்கூட்டியே விசாரித்து எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று தோன்றிவிட்டால்

இரண்டு வருடத்தில் சலித்துப்போகலாம், வேலை கிடைத்து ஊர் மாறலாம். அப்போது ‘பாவம், சுதந்திரமாகப் போகட்டும்’ என்று ஏரிக்கரையில் விட்டுவிடாதீர்கள். ஸ்பெயினைச் சேர்ந்த கிரான் கனாரியா தீவில் வளர்ப்பிலிருந்து வெளியே போன கலிபோர்னியா கிங் ஸ்நேக் காட்டில் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகளைத் தின்று அழித்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பநிலை வளர்ப்பாளருக்கு ஏற்றது என்று உலகமே சொல்கிற பாம்பு அது. புளோரிடாவின் சதுப்புநிலத்தில் பர்மியப் பைத்தான் செய்ததும் இதே கதைதான். உங்களுக்குப் பராமரிக்க முடியாவிட்டால் மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பரிவேஷ் பதிவு இருந்தால் தெரிந்த வளர்ப்பாளருக்கு முறையாக மாற்றிக் கொடுக்கலாம்.

இத்தனையையும் படித்துவிட்டு, ‘எனக்குப் பாம்பு பிடிக்கும், ஆனால் இவ்வளவு முடியாது’ என்று சொல்பவர் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நம் மாநிலத்தில் வேறு வாசல்கள் இருக்கின்றன. கிண்டியில் 1972-இல் தொடங்கிய பாம்புப் பண்ணை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. உரிமம் பெற்றுப் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி விட்டுவிடுவார்கள். நாடு முழுக்கப் போகிற விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அங்கிருந்து வருகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த பாம்பு பிடி வல்லுநர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பானைகளில் கட்டி வைத்த பாம்பை ஒவ்வொன்றாக எடுத்து, மூடிய குப்பியில் பல்லைப் பதியவைத்து அவர்கள் விஷம் எடுப்பதைப் பார்வையாளர்கள் கிட்டே நின்று பார்க்கலாம். போவதற்கு முன் நேரத்தை மட்டும் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.